ஆடி முதல் ஆனி வரை, எங்கள் வீட்டுப் பண்டிகை நோட்டு

போன வருடம் ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது மகள் கேட்டாள்: "அப்பா, சின்ன வயசுல தேங்காய் சுட்டேன், தேங்காய் சுட்டேன்னு சொல்றீங்களே, எனக்கு எப்ப காட்டப் போறீங்க?"

மேட்டூர் பக்கம் எங்கள் ஊர். சென்னைக்கு வந்து 19 வருடம் ஆகிவிட்டது. பண்டிகை என்றால் கடையில் இனிப்பு வாங்கி, டி.வி. முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவது என்று பழகிப்போயிருந்தோம். அன்றே முடிவு செய்தேன். ஒரு வருடம், வருகிற ஒவ்வொரு பண்டிகைக்கும் அதற்கே உரிய ஒன்றையாவது நாங்களே செய்ய வேண்டும். செய்ததை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். அதில் உள்ளதைத்தான் இங்கே தருகிறேன்.

ஆடி 1, தேங்காய் சுடுதல்.

சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். முற்றிய தேங்காயின் நாரை முழுக்க உரித்து, ஓட்டைச் சொரசொரப்பான தரையில் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். மூன்று கண்ணில் இளகிய கண்ணைத் துளைத்துத் தண்ணீரைச் சொம்பில் வடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே வறுத்த பாசிப்பருப்பு, அவல், பொட்டுக்கடலை, எள், பொடித்த வெல்லம், கொஞ்சம் ஏலக்காய். வடித்த தண்ணீரில் சிறிதளவு திரும்ப ஊற்றி, சீவிய அழிஞ்சி மரக் குச்சியைக் கண்ணில் செருகி, மஞ்சள் பூசித் தீயில் வாட்ட வேண்டும். பாரதப் போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்தது, அதற்காகப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டு படைப்பது இது என்று ஊரில் சொல்வார்கள்.

எங்கள் தெருவில் அழிஞ்சி இல்லை, வேம்புதான் இருந்தது. பச்சைக் குச்சிதானே என்று வேப்பங்குச்சியைச் செருகிவிட்டேன். மொட்டை மாடியில் இரும்புச் சட்டியில் தேங்காய் மட்டையைப் போட்டுத் தீ மூட்டி அரைமணி நேரம் சுட்டோம். உடைத்துப் பார்த்தால் பூரணம் முழுக்கக் கசப்பு. போனில் அம்மாவிடம் சொன்னேன். "தேங்காய் சுடச் சொன்னா பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கியா கண்ணு?" என்று சிரித்தார்.

இரண்டாவது தேங்காயில் வேறு குச்சி. இந்த முறை வாய் வரை திணித்து அடைத்திருந்தேன். பத்து நிமிடத்தில் "டப்" என்று சத்தம். குச்சி ராக்கெட் மாதிரி கிளம்பித் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. மகள் கைதட்டி, "இன்னொரு தடவை!" என்றாள். அவலும் பருப்பும் வெந்து ஊதும், ஆவி போகவும் வழி வேண்டும். ஆகவே முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும்.

மூன்றாவது தேங்காய் தீயில் இருக்கும்போது, புகையைப் பார்த்துவிட்டு எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் கையில் ஒரு வாளித் தண்ணீரோடு மாடிக்கு ஓடி வந்தார். சட்டியைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார். "குச்சி அழிஞ்சியா சார்?" என்று கேட்டார். அவருக்குச் சொந்த ஊர் பவானி! அப்புறம் அவரே உட்கார்ந்து தேங்காயைத் திருப்பித் திருப்பிச் சுட்டார். ஓடு விரிசல் விடும்போது பருப்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் வெந்து, வெல்லம் தேங்காய்ப் பருப்போடு ஒட்டி, லேசான புகை மணத்தோடு வரும் பாருங்கள், அந்த ருசிக்கு ஈடாக எனக்கு வேறொன்றும் தெரியாது.

ஆடிப்பெருக்குக்கு, அதாவது ஆடி 18 அன்று, போய்க் கும்பிட இங்கே ஆற்றங்கரை இல்லை. எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று நான்கு சாதம் கட்டிக்கொண்டு அதே மாடியில் சாப்பிட்டோம். அம்மா மேட்டூரில் காவிரிக் கரையிலிருந்து வீடியோ அழைப்பில் ஆற்றைக் காட்டினார்.

கிருஷ்ண ஜெயந்திக்குச் சீடை. இது என் மனைவியின் பொறுப்பு, நான் உருட்டும் ஆள். முதல் ஈட்டில் 30 உருண்டை போட்டதில் 7 வெடித்தன. எண்ணெய் கூரை வரை தெறித்தது. "என்னங்க, அடுப்பை அணைங்க!" என்று அவள் கத்த, மகள் என் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்து அடுப்பை அணைத்தாள். மேல் பக்கம் சீக்கிரம் இறுகி, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் போனால்தான் வெடிக்கும். மாவில் சலிக்காத குருணை இருந்தாலும் ஆபத்து. மறுநாள் அரிசி மாவையும் உளுந்து மாவையும் இரண்டு தடவை சலித்து, உருண்டைகளை அழுத்தாமல் உருட்டி, துணியில் பரப்பி ஈரம் போக விட்டு, ஒவ்வொன்றையும் ஊசியால் குத்தி, மிதமான தீயில் போட்டோம். ஒன்றுகூட வெடிக்கவில்லை. மகள் அன்று முழுக்க ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை முதல் தடவையே நன்றாக வந்தது. நவராத்திரியில் ஒன்பது நாளும் சுண்டல். ஆறாம் நாளுக்குப் பிறகு பட்டாணியைப் பார்த்தாலே மகள் ஓடினாள்.

தீபாவளிக்கு அதிரசம். பாகுப் பதம்தான் எல்லாம். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும். நாங்கள் ஒரு நிமிடம் முந்திவிட்டோம். எண்ணெயில் போட்டதும் பிரிந்து ஓடியது. ஈர அரிசி மாவு கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து இன்னும் ஒரு நாள் வைத்த பிறகு வட்டமாக நின்றது.

இந்த வருடத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமானது கார்த்திகைதான். எங்கள் காவலாளி அண்ணன் திண்டிவனம் பக்கத்துக்காரர். ஊருக்குப் போனவர் ஒரு சாக்கு நிறையக் காய்ந்த ஆண்பனைப் பூக்களைக் கொண்டு வந்து, "சார், மாவளி சுத்தலாம்" என்றார். பின்பக்கத் தோட்டத்தில் குழி வெட்டி, பூக்களை எரித்து, கங்காக இருக்கும்போதே மண்ணால் மூடினோம். மறுநாள் தோண்டிய கரியை நைசாக இடித்து, பழைய பருத்தி வேட்டித் துணியில் விரல் கனத்துக்குச் சுருட்டி இறுகக் கட்டினோம். மூன்றாகப் பிளந்த பனை மட்டைக்கு நடுவே அதை வைத்துக் கட்டி, நீளக் கயிறு போட்டு, முனையில் கங்கு வைத்து அவர் சுற்றினார். பொன்னிறப் பொறி வட்டமாகப் பறந்தது. குழந்தைகள் எல்லாம் "மாவளியோ மாவளி" என்று கத்தினார்கள். நான் சுற்றும்போது கை வலித்தது, நிறுத்த மனமில்லை. அன்று வீட்டில் பனை ஓலைக்குள் வெந்த கொழுக்கட்டை. என் மனைவிக்குத் தூத்துக்குடி மாவட்டம், கார்த்திகைக்கு அங்கே இதுதான். ஓலை மணம் ஏறிய அந்த மாவை நான் அதற்கு முன் தின்றதே இல்லை.

திருவாதிரைக்குக் களி, தைக்குப் பொங்கல், இரண்டிலும் சிக்கல் இல்லை. ரமலான் மாதம் எதிர்வீட்டு அக்கா நோன்புக் கஞ்சி சொல்லித் தந்தார்: நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, புதினா, கடைசியில் தேங்காய்ப்பால். அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் நான்தான் கரண்டி பிடித்தேன்.

சித்திரை முதல் நாள் பச்சடிக்கு அதே தெரு வேம்புக்கு அடியில் விடிகாலையில் போர்வையை விரித்துப் பூ சேர்த்தோம். ஆடியில் பூரணத்தைக் கெடுத்த கசப்பு, மாங்காய் வெல்லத்தோடு சேர்ந்தபோது எவ்வளவு பொருத்தமாக இருந்தது! மகள் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள்.

இப்போது ஆனி முடியப் போகிறது. நேற்று அம்மா போன் செய்தார். "அழிஞ்சிக் குச்சி பன்னெண்டு வெட்டி மஞ்சத் துணியில சுத்தி வச்சிருக்கேன் கண்ணு. உங்க மாமன் வெள்ளிக்கெழமை மெட்ராஸ் வர்றான், குடுத்தனுப்பறேன். ரோஷம் பாக்காம ஒரு குச்சி செயலாளருக்கும் குடு."

ஒன்று போதாது. அவர் ஏற்கெனவே ஐந்து தேங்காய் வாங்கி வைத்திருக்கிறார். மகள் கீழே கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து முதல் தேங்காயைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.