விளையாட்டுக் கன்சோல்களின் பூட்டு எங்கே திறந்துகொண்டது?

விளையாட்டுக் கன்சோல்களின் நகல் தடுப்பைப் பிரித்து ஆராய்ந்தவர்கள் எழுதிய விளக்கங்களை விரும்பிப் படிப்பவன் நான். அவற்றில் குறியாக்கக் கணிதமே நேருக்கு நேர் முறியடிக்கப்பட்ட நிகழ்வு அரிதாகவே தென்படுகிறது. பெரும்பாலும் கணிதத்தின் விடையைக் கேட்டு, அனுமதிப்பதா மறுப்பதா என்று முடிவெடுக்கும் சிறிய இடத்தில்தான் ஓட்டை இருந்திருக்கிறது.

1994-இல் ஜப்பானில் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷன், வட்டு அசல்தானா என்று அறியக் கணிதத்தை நம்பவில்லை. அசல் வட்டின் தொடக்கப் பகுதியில் தடம் நுண்ணிய அளவில் வேண்டுமென்றே நெளியும்படி அச்சிடப்பட்டிருந்தது. விற்பனைப் பகுதியைக் குறிக்கும் நான்கு எழுத்துகள் அந்த நெளிவில் பொதிந்திருந்தன. கணினியில் உள்ள சிடி ரைட்டர் தரவை நகலெடுக்குமே தவிர நெளிவை எழுதாது என்பதால், வட்டைப் போலி செய்வது கடினம் என்ற கணிப்பு சரியாகவே இருந்தது. ஆனால் அந்த எழுத்துகள் கன்சோலுக்குள் மின்குறிகளாகச் செல்லும் வழியில் நுண்கட்டுப்படுத்தி எனப்படும், நிரல் எழுதக்கூடிய ஒரு மலிவான சிறு சிப்பைப் பற்றவைத்து, அதே எழுத்துகளை அனுப்பினால் கன்சோல் நம்பிவிட்டது. மோட் சிப் எனப்பட்டது இதுதான். அந்த எழுத்துகள் வரக்கூடாத நேரத்திலும் வருகின்றனவா என்று பிற்காலத்து விளையாட்டுகள் சில வேவு பார்க்கத் தொடங்கியதும், தொடக்கத்தில் மட்டும் பேசிவிட்டு வாய்மூடிக்கொள்ளும் சிப்புகள் வந்துவிட்டன.

2001-இல் வந்த எக்ஸ்பாக்ஸில் சிக்கல் வேறு வகையானது. அதன் செயலி இன்டெல்லின் வழக்கமான வடிவமைப்பைச் சேர்ந்தது என்பதால், 512 பைட் அளவுள்ள ரகசியத் தொடக்க நிரலைத் தனியாக வடிவமைக்கப்பட்ட துணைச் சிப் ஒன்றில் வைத்தார்கள். விளைவாக, கன்சோலை இயக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நிரலும், அடுத்து இயங்கும் நிரலின் குறியாக்கத்தை நீக்க அதனுள் இருந்த சாவியும் மறைப்பின்றித் தாய்ப்பலகையின் கம்பித்தடங்கள் வழியே செயலிக்குச் சென்றன. அந்த வேகத்தில் யாராலும் ஒட்டுக்கேட்க முடியாது என்று கருதியிருக்க வேண்டும். அப்போது எம்ஐடியில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ஹுவாங், அதற்கென ஒரு சுற்றுப்பலகையைத் தாமே உருவாக்கிக் கேட்டுவிட்டார்.

என்னை மிகவும் கவர்ந்தது 2006-இல் வெளிவந்த நிண்டெண்டோ வீயின் கதை. அங்கே, நிரல் அசல்தானா என்று கணிதத்தால் உறுதிசெய்யும் ஆர்எஸ்ஏ கையொப்பம் இருந்தது. அதை உடைக்க எவராலும் முடியவில்லை, உடைக்க வேண்டிய தேவையும் எழவில்லை. கையொப்பத்திலிருந்து கிடைக்கும் ஹேஷையும் (தரவிலிருந்து கணக்கிடப்படும், அதன் கைரேகை போன்ற குறுகிய மதிப்பு) நிரலுக்குக் கணக்கிட்ட ஹேஷையும் ஒப்பிட, சி மொழியில் எழுத்துச்சரங்களை ஒப்பிடுவதற்கென்றே உள்ள செயற்கூற்றைப் பயன்படுத்தியிருந்தார்கள். இரு பக்கத்திலும் பூஜ்ய பைட் வந்தால், சரங்கள் முடிந்துவிட்டன என்று அது நின்றுவிடும். ஆகவே கையொப்பம் முழுவதையும் பூஜ்யங்களால் நிரப்பி (அதிலிருந்து கிடைக்கும் ஹேஷும் அப்போது பூஜ்யமாகிவிடும்), பயன்படாத ஒரு புலத்தின் மதிப்பை மாற்றிக்கொண்டே போனால், சராசரியாக 256 முயற்சிகளில் நிரலின் ஹேஷும் பூஜ்யத்தில் தொடங்கும். முதல் பைட்டிலேயே ஒப்பீடு முடிந்து, இரண்டும் ஒன்றே என்ற விடை வந்துவிடும். பைட்டுகளை எண்ணிக்கைப்படி ஒப்பிடும் வேறொரு செயற்கூறு அதே மொழியில் இருக்கிறது என்பதை நினைத்தால், நிரல் எழுதுபவர் எவருக்கும் வயிற்றைக் கலக்கும்.

அதே ஆண்டில் வந்த பிளேஸ்டேஷன் 3, நான் மேலே சொன்ன பொதுக்கூற்றுக்குச் சற்றே முரண்படுகிறது. அதில் பிழை கையொப்பத்தைச் சரிபார்த்த இடத்தில் நேரவில்லை, கையொப்பமிட்ட இடத்தில் நேர்ந்தது. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக எடுக்க வேண்டிய சமவாய்ப்பு எண்ணை, சோனி மாற்றாமல் ஒரே எண்ணாக வைத்திருந்ததை ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற ஹேக்கர் குழுவினர் 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் விளக்கினர். ஒரே எண்ணால் இட்ட இரண்டு கையொப்பங்கள் கிடைத்தால், பள்ளிக்கூட இயற்கணிதத்தில் ஒரு சமன்பாட்டை மற்றொன்றிலிருந்து கழிப்பதைப் போலக் கழித்து முதலில் அந்த எண்ணையும், அதைக்கொண்டு ரகசியச் சாவியையும் பெற்றுவிடலாம். அந்தச் சாவியால் இட்ட கையொப்பத்தைச் சோனி இட்டதிலிருந்து பிரித்தறியக் கன்சோலுக்கு எந்த வழியும் இல்லை.