அறுப்பு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதை விடுங்கள்

மேட்டூர் அணை எப்போது திறக்கும் என்பதுதான் காவிரி டெல்டாவில் எல்லோரும் கேட்கிற கேள்வி. ஜூன் 12-ல் திறந்தால் நிம்மதி, தள்ளிப்போனால் கவலை. தண்ணீர் வருகிற நாள் முக்கியம்தான். ஆனால் எந்த ரக நெல் விதை வாங்குவது என்பதை அந்த நாளை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. பயிர் என்றைக்குப் பூக்கும், என்றைக்கு அறுப்புக்கு வரும் என்பதையும் பார்க்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. ஐப்பசியும் கார்த்திகையும்தான் அடைமழைக் காலம். நெல் எந்த ரகமானாலும் பூத்து ஏறக்குறைய 30 நாளில் அறுப்புக்கு வரும். பூ திறப்பது பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள். அந்த நேரத்தில் மழை பிடித்தால் மகரந்தம் கழுவப்பட்டுப் போகும், கதிரில் பாதி பதராக நிற்கும். கடலோரத்தில் இந்தப் பருவத்து மழை பின்னிரவிலும் காலையிலும்தான் அதிகம் பெய்யும் என்பதால் பூக்கும் பயிருக்கு ஆபத்து கூடுதல். ஆகவே மழைக்காலத்தில் வளர்கிற சம்பா நெல் பூப்பது மார்கழியை ஒட்டி இருக்க வேண்டும், அறுப்பு தை பிறப்பை ஒட்டி வர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சி.ஆர். 1009 போன்ற 155 நாள் ரகத்தை ஆகஸ்ட் 10-ல் விதைத்தால் டிசம்பர் 13 வாக்கில் பூக்கும், ஜனவரி 12-ல் அறுக்கலாம். செப்டம்பர் முதல் தேதிதான் விதைக்க முடிந்தது என்றால் ஆடுதுறை 46 மாதிரி 135 நாள் ரகம் அதே இடத்தில் வந்து நிற்கும். செப்டம்பர் கடைசியில் 110 நாள் ரகம் போட்டாலும் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் மழை இறங்கும்போது அந்தப் பயிருக்கு வயது ஒரு மாதம்கூட இருக்காது. முழங்கால் தண்ணீர் நின்றாலே மூழ்கிவிடும். தாழ்ந்த வயல்காரர்கள் இந்த வழிக்குப் போக வேண்டாம். அவர்களுக்கு முன்கூட்டியே விதைத்த நீண்ட நாள் ரகம்தான் சரி. சி.ஆர். 1009 சப் 1 கிடைத்தால் இன்னும் நல்லது, இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கித் துளிர்க்கும்.

ஜூனில் விதைக்கிற குறுகிய நாள் பயிரான குறுவைக்கும் இதே எண்ணிக்கைதான். ஜூன் 15-ல் விதைத்த 110 நாள் ரகம் அக்டோபர் 3-ல் அறுப்பு. ஒரே மாதம் தள்ளி விதைத்தால் அறுப்பு நவம்பர் 2, அடைமழையின் நடுவில். களத்திலும் கொள்முதல் நிலைய வாசலிலும் நெல் முளைப்பது பெரும்பாலும் இப்படித் தாமதித்த குறுவைதான்.

நாகை, வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கம், ஆற்றுப் பாசனம் கடைசியாக எட்டுகிற கடைமடையில் இன்னொரு சிக்கல். தாழ்வழுத்தம் இருக்கும் நாட்களில் கடல் பொங்கி நிற்கும், ஆற்றுத் தண்ணீரை வாங்காது. வரப்பை வெட்டினாலும் வயல் வடியாது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். புரட்டாசிக்குள் வடிகாலைச் சுத்தம் செய்து முடிக்க வேண்டும். மழை தொடங்கிய பிறகு இயந்திரத்தை உள்ளே இறக்கவே முடியாது.

மூழ்கிய வயலில் தண்ணீர் வடிந்ததும் உரத்தோடு ஓடாதீர்கள். முதலில் நாலைந்து இடத்தில் பயிரைப் பிடுங்கி அடித்தண்டைப் பிளந்து பாருங்கள். குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் பிழைக்கும். பழுப்பாகிக் கூழாக நசுங்கினால் அந்த நாற்றுக் குத்து போனது, மேட்டுப் பகுதியில் அடர்ந்த குத்துகளைக் கலைத்து அங்கே நடலாம். புது இலை தலைகாட்டிய பிறகு ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஒரு இரவு வைத்து, காலையில் பொட்டாஷ் 17 கிலோ சேர்த்து இடலாம். இலை வெளுத்திருந்தால் 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பனியும் ஈரமும் காய்ந்த பிறகு தெளிக்கவும். மேகமூட்டம் நீடிக்கும்போது யூரியாவை அள்ளி இறைத்தால் பயிர் கரும்பச்சையாகும், கூடவே இலைக்கருகலும் குலைநோயும் வந்து சேரும்.

பூக்கும் சமயம் தூறல் விழுந்த வயலில் கதிரில் மஞ்சள் உருண்டைகள் தெரியும். நெற்பழம் என்றும் லட்சுமி நோய் என்றும் சொல்வார்கள். நல்ல விளைச்சலுக்கு அடையாளம் என்று சந்தோஷப்படுகிறவர்கள் இன்றும் உண்டு, ஆனால் அது பூஞ்சணம். உருண்டை தெரிந்தபின் மருந்தடித்துப் பலன் குறைவு. கதிர் வெளியே வருமுன், பொதி கட்டும்போதே தெளித்திருக்க வேண்டும்.

தை மாதத்திலும் மழை வரலாம். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் அறுப்புக்கு நின்ற பயிர் அப்படித்தான் சாய்ந்தது. சாய்ந்த வயலில் கதிர் தண்ணீரில் கிடந்தால் சில நாளிலேயே முளைவிடும், அதனால் முதல் வேலை மடையைத் திறந்து வடிப்பது. ஈர வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி புதையும். பெல்ட் வண்டிதான் இறங்கும், நேரமும் வாடகையும் கூடும். அறுத்த நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்கள், அரசு தளர்த்தினால் ஒழிய. இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை கிளறி விடுங்கள். ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்கக்கூடாது, ‘கடக்’கென்று உடைய வேண்டும். சாயங்காலம் பனி இறங்குமுன் கூட்டிக் குவித்துத் தார்ப்பாயால் மூடுங்கள், காலையில் வெயில் ஏறியதும் திறந்துவிடுங்கள். மூடியே வைத்தால் உள்ளே சூடேறி அரிசி மஞ்சளித்துப்போகும். வைக்கோலையும் நன்றாகக் காய்ந்த பிறகே போர் போடுங்கள், ஈரத்தோடு போட்டால் பூசணம் பிடித்து மாடு முகர்ந்துகூடப் பார்க்காது.