செவலைக் கன்னுக்குட்டிக்கு ஒரு பிரேம்

திருப்பூரில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்குக் கைவேலைச் சாமான் தேடிக் கடை ஏறும் வேலை கிடையாது. சாமான் தன்னால் வீடு வந்து சேரும். நூல் சுற்றி வந்த காகிதக் கோன், துணி ரோலுக்கு நடுவில் இருக்கும் அட்டைக் குழாய், துணி வெட்டியதில் மிஞ்சிய கட்டிங் வேஸ்ட், சட்டை மடிக்கும்போது உள்ளே வைக்கிற அட்டை, எந்த ஷிப்மென்ட்டிலோ மிஞ்சிப்போன பட்டன், டேக். எங்க வீட்டுக்காரர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பார்க்கிறவர். "பாப்பாவுக்கு ஆகும்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் மூட்டையை இறக்கும்போதெல்லாம், கம்பெனி குடோனைக் காலி பண்ணித் தருவதாக முதலாளியிடம் தனியாக ஏதும் பேசி வைத்திருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வரும்.

மகள் ஒண்ணாவது படிக்கிறாள். சின்னவனுக்கு மூணு வயசு. கோனைக் கவிழ்த்து வைத்து நுனியில் ஒரு காகிதக் கூம்பு ஒட்டினால் ராக்கெட். மூக்கு ஒட்டினால் கிளி. இரண்டு பட்டனைக் கண்ணாக வைத்தால் ஆந்தை. நூல் ரகம் தெரிவதற்காகக் கோனிலேயே ஒவ்வொரு கலரில் அச்சடித்து வருவதால் பாதி பெயிண்ட் வேலை மிச்சம். அப்படிச் சேர்ந்த ஆந்தைகள் டிவி மேல், மிக்ஸி பக்கத்தில், குளிக்கிற ரூம் ஜன்னலில் எல்லாம் உட்கார்ந்துகொண்டு முழித்துக்கொண்டிருந்தன. ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

கட்டிங் வேஸ்ட் விஷயம் இன்னும் சுலபம். டி-சர்ட்டுக்கு ஆகிற சிங்கிள் ஜெர்சி துணியைக் குறுக்குவாட்டில் விரல் அகலத்துக்குப் பட்டையாக வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து இழுத்துவிட்டால் ஓரம் சுருண்டு அழகான கயிறாகிவிடும். கழுத்துப் பட்டைக்குப் போடுகிற ரிப் துணி இப்படிச் சுருளாது, அதனால் பொறுக்கி எடுக்க வேண்டும். இந்தக் கயிற்றைப் பின்னிக் கால்மிதி பண்ணலாம், கைக்கு வளையம் பண்ணலாம், அட்டையில் சுற்றிப் பூ பண்ணலாம். என் மகள் முதலில் பண்ணியது என்னவென்றால், ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறுமுனையைத் தம்பி இடுப்பிலும் கட்டி, அவன் முன்னால் ஒரு கட்டு கொத்தமல்லித் தழையைப் போட்டது. அவனும் எதிர்ப்பு ஏதும் காட்டாமல் மென்றுகொண்டிருந்தான்.

பள்ளிக்கூடத்து கைவேலை வேறு கதை. "வீணான பொருளில் இருந்து ஏதாவது செய்து வரவும்" என்று டைரியில் எழுதி அனுப்புவார்கள். அந்த வீணான பொருளைச் செய்ய தெர்மாகோல், கிளிட்டர், சார்ட், சாட்டின் ரிப்பன் என்று புதிதாக ஒரு பில் போடணும். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு அம்மாக்கள் உட்கார்ந்து ஒட்டுவோம். காலையில் வகுப்பு வாசலில் மற்ற அம்மாக்கள் ஒட்டியதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கு இதில் என்ன பங்கு என்றால், வேனில் போகும்போது உடைக்காமல் பிடித்துக்கொள்வதுதான்.

இந்த வரிசையில் ஒரு முறை தானியத்தில் மயில் பண்ணி வரச் சொன்னார்கள். கழுத்துக்குப் பச்சைப்பயறு, வாலுக்குத் துவரம்பருப்பு, தோகைக் கண்ணுக்குக் கருப்பு உளுந்து. ஞாயிற்றுக்கிழமை காங்கயம் பக்கத்துத் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில் இருந்து மாமனார் வந்திருந்தார். சார்ட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏனம்மிணி, நெசமான மயிலே காட்டுல வெதைச்சதெல்லாம் பொறுக்கித் தின்னுபோட்டுப் போகுது. இதுல ஊட்டுக்குள்ள உக்கோந்து பருப்புலயும் மயில் பண்றீங்களா?"

மயில் தொல்லை தெரிந்த விவசாயி வேறெப்படிப் பேசுவார்? அன்றைக்கு ராத்திரியே எலி வந்தது. அதற்கும் ஒரு ரசனை இருந்திருக்கிறது. துவரம்பருப்பை மட்டும் ஒன்று விடாமல் தின்றுவிட்டு, பச்சைப்பயறு கழுத்தைத் தொடவே இல்லை. காலையில் பார்த்தால் மயில் போய் அங்கே ஒரு கோழி நின்றது. மகள் அழவில்லை. காலுக்குக் கீழே சின்னதாக ஒரு முட்டை வரைந்து அதையே கொண்டு போய்க் கொடுத்துவிட்டாள்.

செய்வது பெரிய காரியமில்லை. செய்ததை எங்கே வைப்பது என்பதில்தான் குடும்பத்தில் பேச்சு வளரும். எங்களுடையது வாடகை வீடு. குடி வரும்போது ஓனரம்மா போட்ட முதல் கண்டிஷன், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சரி, செல்லோடேப் போட்டோம். படத்தை எடுக்கும்போது டேப்போடு பெயிண்ட்டும் பொறுக்கு பொறுக்காக உரிந்து வந்தது. பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டலாம் என்றால், எங்கள் பிரிட்ஜுக்குக் கண்ணாடிக் கதவு. காந்தம் கீழே விழுந்து பீரோவுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

வழி கண்டுபிடித்தவர் வீட்டுக்காரர்தான், அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கட்டிங் செக்‌ஷனில் பேட்டர்ன் அட்டைகளை ஓட்டை போட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அதே யோசனையில், ஆசாரத்தின், அதாவது வீட்டு ஹாலின் இரண்டு ஜன்னல் கம்பிக்கும் குறுக்கே அந்த ஜெர்சிக் கயிற்றை இழுத்துக் கட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் படங்களை மாட்டினார். ஆணியும் இல்லை, டேப்பும் இல்லை. ஃபேனை அஞ்சில் வைத்தால் எல்லாம் பறந்து சுவரில் அடித்தது. அதற்கு ஒவ்வொரு படத்தின் கீழேயும் இன்னொரு கிளிப்பைக் கனத்துக்கு மாட்டிவிட்டோம், அடங்கிவிட்டது.

கயிறு என்ன உயரத்தில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. வருகிறவர்கள் கண்ணில் படுகிற உயரத்தில் வேண்டும் என்றார். வரைந்தவள் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் அவள் படத்தை மாட்டி என்ன பண்ண? அவள் உயரத்துக்கே கட்டினோம். பார்க்கிறவர்கள் குனிந்து பார்க்கட்டும். சின்னவன் இழுத்தால் என்ன பண்ணுவாய் என்றார். இழுத்தான்தான். இழுத்து ஒரு சூரியனைக் கிழித்துவிட்டு அக்காவிடம் முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டான், பிறகு அந்தப் பக்கம் போவதில்லை.

ஜன்னலோரத்தில் ஒரு சின்ன விஷயம் கவனித்தோம். வெயில் விழுகிற முனையில் மாட்டிய ஸ்கெட்ச் பேனா படங்கள் சீக்கிரமே வெளுத்துவிட்டன. கிரேயான் படங்கள் அப்படியே இருந்தன. ஸ்கெட்ச்சில் தண்ணிச் சொட்டு பட்டாலும் போச்சு, கலர் கலங்கிவிடும். அதனால் கிரேயான் ஜன்னல் பக்கம், ஸ்கெட்ச் நடுவில். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிப் பெயிண்ட்டில் தொட்டு வைத்த அஞ்சு மூலைப் பூக்கள் எங்கே வைத்தாலும் தாங்கின. அந்த வாரம் வெண்டைக்காய்ப் பொரியல் இல்லை என்பது வேறு விஷயம்.

ஓனரம்மா வாடகை வாங்க வந்தபோது கயிற்றைப் பார்த்து நின்றுவிட்டார். அதில் அவரும் இருந்தார். பிள்ளைகள் தங்களுக்கு முக்கியமாகப் படுவதைப் பெரிதாக வரைவார்கள் இல்லையா? ஓனரம்மாவின் சாவிக்கொத்து அவர் தலையை விடப் பெரிதாக இருந்தது. எனக்கு வேர்த்துவிட்டது.

"இது நாந்தானுங்களே? என்ற சாவிக்கொத்தை அப்படியே போட்டிருக்கறா பாருங்க" என்று எண்ணிப் பார்த்தார். சாவி எண்ணிக்கையும் சரியாக இருந்திருக்கும் போல. போகும்போது வாசலில் நின்று, "வேணும்னா ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கங்க" என்றார். எங்கள் தெருவில் இந்தச் சலுகை வேறு யாருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஆனால் கயிற்றின் நீளத்துக்கு ஒரு அளவு உண்டே. புதுப்படம் ஏற ஏறப் பழையது இறங்க வேண்டும். எது இறங்குவது என்பதை அவளே சொல்வாள். இறங்குகிற படத்தை ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வோம். நல்லதாக இருப்பது பட்டுப்புடவை அட்டைப்பெட்டிக்குள் போகும். பெரிய சார்ட் என்றால் சுருட்டித் துணி ரோல் குழாய்க்குள். மீதியை? அதை யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. அது வீட்டுக்காரரின் விடியற்காலை வேலை.

ஒரு நாள் குப்பை வண்டி அக்கா கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டார். இவர் பையோடு ஓடினார். பையில் மேலாக ஒரு கோன் ஆந்தை.

"இது மக்கற குப்பைங்களா, மக்காததுங்களா?"

இவர் ஆந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோன் காகிதம், அது மக்கும். சிறகு காட்டன் துணி, அதுவும் மக்கும். கண் பிளாஸ்டிக் பட்டன், மக்காது. நெஞ்சு பூராவும் கிளிட்டர், அதற்கு என்ன கணக்கோ.

"பிரிச்சுக் குடுங்க சார். அப்படியே போட்டா எங்களத்தான் கேப்பாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆகவே இவர் நடுத்தெருவில் நின்றுகொண்டு ஆந்தையின் கண்ணைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வந்த மகள் அதைப் பார்த்தாள். அடுத்து எழுந்த சத்தத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது.

அக்காதான் காப்பாற்றினார். ஆந்தையை வாங்கி, பிடுங்கிய கண்ணைத் திரும்ப அழுத்தி வைத்து, "உங்கப்பா குப்பையில போட வர்லீங் கண்ணு. எனக்குக் குடுக்கறக்குக் கொண்டாந்தாரு" என்று ஒரு போடு போட்டார். சொன்னதோடு நிற்காமல் வண்டிக் கைப்பிடியில் அதைக் கட்டியும் வைத்தார். ஆந்தை எங்கள் வார்டு முழுக்கச் சுற்றி வந்தது. மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது குப்பை வண்டிக்கென்று தனியாகவே செய்கிறாள். வீட்டுக்காரருக்கு வேலை மிச்சம் என்று நினைக்க வேண்டாம், கோன் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

கயிற்றில் மாட்டியதிலேயே பெரிய ரகளை பண்ணியது ஒரு கன்னுக்குட்டி. லீவுக்குச் சாளைக்குப் போய் வந்து வரைந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, அதாவது பச்சைக் கிறுக்கல். நடுவில் சாம்பல் நிற மாடு, பக்கத்தில் நல்ல சிவப்பாக ஒரு கன்னு. மாட்டுக்கு அஞ்சு கால் இருந்தது. அஞ்சாவது வால் என்று பிறகு தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பத்திரிகை வைக்க ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். மாமனாரின் பங்காளி ஒருத்தர், கோயமுத்தூருக்குக் குடி போனவர், குனிந்து படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். கன்னுக்குட்டி முன்னால் நின்று, "ஏன் கண்ணு, மாடு காங்கயம் மாடாட்ட இருக்குது. கன்னுக்குட்டிக்கு மட்டும் எதுக்குச் செவப்பு அடிச்சே? தப்பில்ல?" என்றார்.

மாமனார் சாப்பிட உட்கார்ந்தவர், இலையை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏப்பா, நீ ஊரை உட்டுப் போயி மாட்டையே மறந்துபோட்டயா? காங்கயம் கன்னு பொறக்கறப்போ செவப்பாத்தான் இருக்கும். ஆறு மாசம் ஆகறப்பத்தான் நிறம் மாறிச் சாம்பலா, மயிலையாகும். காளைன்னா அப்பறம் திமிலு, முன்னங்காலு பக்கமெல்லாம் கருப்பேறும். பொறந்த கன்னு மயிலையா இருந்து நீ எங்க பார்த்தே?"

"இல்லீங்கண்ணா, நம்ம பட்டியில ஒண்ணு வெள்ளையா..."

"அது வேற மாட்டுக் கலப்பாட்ட ஏதாச்சும் இருக்கும்."

பேச்சு பட்டியில் ஆரம்பித்து, மாடு மேய்க்கிற கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லுக்குப் போய், யார் தாத்தா காலத்தில் யாரிடம் எத்தனை ஜோடி எருது இருந்தது என்ற இடத்துக்கு வந்துவிட்டது. இலையில் போட்ட சாதம் ஆறிப்போனது. பத்திரிகை யாருக்குக் கல்யாணம் என்பதே யாருக்கும் ஞாபகமில்லை. மாமனார் கடைசியாகப் பேத்தியைத் தூக்கி நிறுத்தினார்.

"ஒண்ணாவது படிக்கற புள்ள. என்ற பட்டியில கன்னைப் பாத்துபோட்டு வந்து அப்படியே நிறம் மாறாம அடிச்சிருக்கறா. சொல்லம்மிணி, நீயே சொல்லு."

"மாட்டுக்கு அடிக்கறக்குள்ளயே சாம்பல் கலரு தீந்துபோச்சுங்க அப்பாரு. அதான் செவப்பு அடிச்சேன்."

ஆசாரத்தில் ஒரு சத்தம் இல்லை. மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தீந்தாலும் எந்த இடத்துல தீரோணும்னு தெரிஞ்சிருக்குது பாரு" என்றார்.

போகும்போது அந்தப் படத்தைக் கயிற்றிலிருந்து கழற்றி, கசங்காமல் மஞ்சப்பையில் பத்திரிகையோடு சேர்த்து வைத்துக்கொண்டு போனார். சாமி படம் பிரேம் போடுகிற கடையில் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் வழக்கப்படி தங்கக் கலர்க் கட்டை போட்டு, மேலே பூ மாட்டுவதற்கு ஒரு வளையமும் வைத்துக் கொடுத்திருக்கிறார். சாளையில் முருகனுக்கும் லட்சுமிக்கும் அடுத்த ஆணியில் மாட்டியாயிற்று. எங்கள் அத்தை வெள்ளிக்கிழமை தோறும் படமெல்லாம் துடைத்துப் பொட்டு வைக்கிறவர். வரிசையில் இருந்ததால் கன்னுக்குட்டிக்கும் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஏறிவிட்டது.

போன முறை போயிருந்தபோது மகள் அதைப் பார்த்துவிட்டு, "கன்னுக்கு மட்டும் பொட்டு வெச்சா அம்மா மாடு கோவிச்சுக்கும்ங்க ஆத்தா" என்றாள். அத்தை மறுபேச்சு இல்லாமல் மாட்டுக்கும் ஒன்று வைத்தார். அவசரத்தில் அது வாலில் பட்டது.

மாமனார் திண்ணையில் இருந்தபடியே குரல் கொடுத்தார். "அம்மிணி, அப்படியே ஒரு காளையும் வரைஞ்சு குடுத்துரு. ரெண்டாக் குடுத்தா பிரேம் காசு கொறைச்சுக்கறேன்னு கடைக்காரன் சொல்லியிருக்கறான்."