செஃபீடுகளுக்குச் சாட்சி சொல்லும் கொத்துகள்

தனுசு ராசிப் பக்கம் உள்ள ஒன்றாகப் பிறந்த விண்மீன்களின் தளர்வான கூட்டமான, மெஸ்ஸியர் 25 என்னும் திறந்த கொத்தைப் பைனாகுலரில் பார்த்தால், நீலவெண்மையாகச் சிதறிக் கிடக்கும் விண்மீன்களுக்கிடையே, மையத்துக்கு அருகில், மஞ்சள் சாயலோடு ஒரு விண்மீன் தென்படும். யு சஜிட்டாரி என்று பெயர் பெற்ற அது, சுமார் 6.7 நாட்களுக்கு ஒருமுறை பொலிவு கூடிக் குறையும் செஃபீட் வகையைச் சேர்ந்தது. வெளியடுக்குகளில் உள்ள ஹீலியம், அமுக்கப்படும்போது மேலும் அயனியாகி வெப்பத்தைத் தேக்குவதும், விரியும்போது அதை விடுவதுமே இந்தத் துடிப்புக்குக் காரணம்.

நம் அண்டைச் சிறு விண்மீன் மண்டலமான சிறிய மகெல்லன் முகிலில் உள்ள 25 செஃபீடுகளைக் கொண்டு, துடிப்புக் காலம் நீள நீள ஒளிர்வும் கூடுகிறது என்று வானியலாளர் ஹென்ரியெட்டா லீவிட் 1912-இல் காட்டினார். ஆனால் அந்த முகில் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது அப்போது தெரியாததால், உண்மையான ஒளிர்வை அவருடைய அட்டவணையிலிருந்து மட்டும் பெற இயலவில்லை. இந்த உறவைத் தொலைவு அளக்கும் கோலாக்க, நம் பால்வழியிலேயே தொலைவு தெரிந்த செஃபீடுகள் தேவைப்பட்டன. யு சஜிட்டாரி மெஸ்ஸியர் 25-ஐயும், எஸ் நார்மே என்னும் மற்றொரு செஃபீட் என்.ஜி.சி. 6087 என்னும் கொத்தையும் சேர்ந்தவை என்று 1955-இல் ஜான் இர்வின் எடுத்துக்காட்டியதன் அருமை இங்கேதான் விளங்கும். கொத்திலுள்ள சாதாரண விண்மீன்களின் நிறத்தையும் பொலிவையும் வரைபடமாக்கினால் தொலைவு, இடையில் உள்ள தூசியின் அளவு, வயது ஆகிய மூன்றும் கிடைக்கின்றன. அவை அப்படியே செஃபீடுக்கும் பொருந்துகின்றன. தனியாகத் திரியும் ஒரு செஃபீடிடம் இவ்வளவையும் கேட்டுப் பெற முடியாது.

வானில் ஒரே திசையில் தெரிவதாலேயே ஒரு செஃபீட் கொத்தைச் சேர்ந்ததாகிவிடாது. முன்னாலோ பின்னாலோ இருக்கும் அந்நிய விண்மீனாகவும் அது இருக்கலாம் என்பதால், தொலைவும், வானில் நகரும் வேகமும் திசையும், நிறமாலையில் தெரியும் ஆரத் திசைவேகமும் (நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் வேகம்) கொத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள். என் பார்வையில் இந்தத் துறையின் உண்மையான உழைப்பு இந்தச் சல்லடையில்தான் இருக்கிறது. விண்மீன்களின் இடத்தையும் தொலைவையும் அளந்த கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீட்டைக் கொண்டு 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, 28 கொத்துகளில் 34 செஃபீடுகளை ஏற்றுக்கொண்டு, ஒளிர்வு அளவுகோலை 0.9 விழுக்காட்டுத் துல்லியத்துக்குக் கொண்டுவந்தது. பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீனின் இடம் சற்று மாறித் தெரிவதே, தொலைவைத் தரும் இடமாறு தோற்றம்; அதன் அளவீட்டில் உள்ள பிழையை, ஒரு கொத்தின் பல விண்மீன்களுக்குச் சராசரி எடுத்துக் குறைக்கலாம் என்றாலும், வானில் அருகருகே உள்ளவற்றின் பிழைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் ஓர் எல்லைக்குமேல் அது குறைவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது காசியோப்பியா விண்மீன் குழுவில் உள்ள என்.ஜி.சி. 7790 என்னும் கொத்து. அங்கே மூன்று செஃபீடுகள் உள்ளன. அவற்றில் இரண்டு ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இருப்பதால், ஒளியைப் பிரித்து அளப்பதே கடினம். ஒரே வயதுடைய விண்மீன்களுக்கு ஏறக்குறைய ஒரே துடிப்புக் காலம் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு இணங்க, மூன்றின் காலங்களும் 4.4 முதல் 5.2 நாட்களுக்குள் அடங்கிவிடுகின்றன.