பங்குனிக்குப் போட்ட பாட்டு, ஆடியில்தான் கைக்கு வந்தது

கோபி பக்கம் மெல்லிசைக் குழு ஒன்றில் ஒன்பது வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். நோம்பிக்கு நோம்பி மேடை, முகூர்த்த மாதங்களில் கல்யாண வரவேற்பு. மூன்று வருடம் காசு சேர்த்துச் சொந்தப் பாட்டு ஒன்று போட்டேன். பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு (தீமிதித் திருவிழா) முன்னால் விட்டால் ஊரெல்லாம் ஓடும் என்று கணக்கு.

மெட்டு, வரிகள், பாடியது எல்லாம் தடங்கலில்லாமல் முடிந்தது. துடும்பு என்கிற பெரிய மேளத்தை ஸ்டுடியோ வாசலில் நுழைக்கத்தான் அரை மணி நேரம் ஆனது. வினை வந்தது, இடையிசையில் நான்கு விநாடி ஒலிக்கும் ஒரு புல்லாங்குழல் லூப்பால், அதாவது இணையத்தில் இறக்கிப் போட்டுக்கொள்ளும் ரெடிமேட் இசைத்துணுக்கால். "ஃப்ரீதானுங்கண்ணா, எல்லாரும் எடுக்கறதுதான்" என்றார் மிக்ஸிங் செய்த தம்பி. எங்கிருந்து எடுத்தார் என்று கேட்காமல் தலையாட்டியது என் தப்பு.

குழுவின் யூடியூப் சேனலில் ஏற்றிய மறுநாளே காப்பிரைட் கிளைம், அதாவது பாட்டில் தங்களுக்கு உரிமை இருக்கிறதென்ற கோரிக்கை. பேரே கேள்விப்படாத ஒரு கம்பெனி. அதே லூப்பைப் போட்ட வேறொரு பாட்டை அவர்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள். பலரும் பயன்படுத்தும் லூப்பைத் தனதென்று அப்படிப் பதியக் கூடாது என்பதுதான் யூடியூப் விதி. இருந்தும் நாம்தான் மறுப்பு எழுத வேண்டும். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். கடைசி வரை அவர்கள் வாயே திறக்கவில்லை, கிளைம் தானாக விழுந்தது. அதற்குள் குண்டம் முடிந்து கோயில் வாசலில் பந்தலையும் பிரித்துவிட்டார்கள்.

கிளைம் வந்த 5 நாளுக்குள் மறுத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் கிளைம் வந்த முதல் நாளிலிருந்தே விளம்பரக் காசை, வழக்கு தீரும்வரை யூடியூப்காரர்கள் தனியாக எடுத்து வைப்பார்கள். நான் கவுந்தப்பாடிக் கச்சேரி வேலையில் ஆறாம் நாள்தான் உட்கார்ந்து எழுதினேன். பாட்டு நன்றாக ஓடிய அந்த முதல் நாட்களின் காசு போனது போனதுதான். லூப் இறக்கிய பக்கத்தின் உரிம வாசகத்தை அன்றைக்கே சேமித்து வையுங்கள். மறுப்பு எழுதும்போது கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

கிளைம் தீரும்வரை டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை ஆப்களில் ஏற்றித் தரும் கம்பெனி) மற்ற ஆப்களுக்கும் பாட்டை அனுப்பவில்லை. அப்புறம் அனுப்பினார்கள், என் பெயரே கொண்ட வேறொரு பாடகரின் பக்கத்துக்கு! அவர் ரசிகர்கள் அங்கே வந்து திட்டியதையும் படித்தேன். நான் பதினோரு மெயில் போட்டேன், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தானியங்கிப் பதில். பன்னிரண்டாவதில் இரண்டு பக்கத்தின் லிங்க்கையும் அருகருகே ஒட்டி, மூன்றே வரி எழுதினேன். நான்கு நாளில் மாற்றினார்கள். புதிதாக வருபவர்கள் பெயரோடு ஊர்ப்பெயரையும் சேர்த்துப் பதிந்துவிட்டால் இந்தப் பாடு இல்லை.

"பாட்டு எப்பக் கண்ணு வருது?" என்று அம்மா கேட்பதை நிறுத்தியிருந்தார். குழுத் தலைவர் அண்ணன் மட்டும் சிரித்தார். அவர் ஸ்டாண்டு தூக்கி, ஒயர் சுற்றி, மைக் பிடிக்கவே ஏழு வருடம் ஆனதாம்.

ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் ராயல்டி கிடையாது. என்னுடையது 640-இல் நிற்கிறது.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போயிருந்தேன். மாட்டுச் சந்தையைத் தாண்டினால் ராட்டினம், அதன் ஸ்பீக்கரில் என் துடும்பு! ஓடிப்போய் எந்த ஆப் என்று கேட்டேன். ராட்டினக்காரர் பென்டிரைவைக் காட்டினார். அது அந்த 640-இல் சேராது. சேராவிட்டால் போகிறதென்று இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் வந்தேன்.