மூன்று நாளில் முடிந்துவிடுமா ஒரு படம்?

வெள்ளிக்கிழமை மதியமே "படம் ஃப்ளாப்" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டாவது காட்சிகூட முடிந்திருக்காது. பார்க்கும்போது நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

2023-இல் வந்த 'எலிமென்டல்' நினைவிருக்கிறதா? சுமார் 20 கோடி டாலர் செலவில் எடுத்த அனிமேஷன் படம். அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 3 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. அவ்வளவுதான் என்றார்கள். ஆனால் பார்த்தவர்களுக்குப் பிடித்திருந்தது. ஒருவர் சொல்லி இன்னொருவர் போனார், அவர் வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனார். வாரக்கணக்கில் ஓடி, கடைசியில் உலகம் முழுக்க 49 கோடி டாலரைத் தாண்டிவிட்டது!

அதனால் நான் முதல் நாள் வசூலைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது ரசிகர்களின் ஆவலையும் விளம்பரத்தின் பலத்தையும்தான் காட்டும். இரண்டாவது வார இறுதியைத்தான் பார்ப்பேன். பெரிய படங்களுக்கு அப்போது வசூல் பாதியாகக் குறைவது சகஜம். அதைவிடக் குறைவாக இறங்கினால், பார்த்தவர்கள் வெளியே நல்லபடியாகப் பேசுகிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம், போஸ்டரில் போடுகிற எண் மொத்த வசூல். வரி, தியேட்டர் பங்கு, விநியோகஸ்தர் பங்கு எல்லாம் கழிந்த பிறகுதான் தயாரிப்பாளர் கைக்கு ஏதாவது வரும். அதை வைத்து நாம் ஏன் சண்டை போட வேண்டும்?

சரி, இந்த வாரம் யார் யார் என்ன படம் பார்த்தீர்கள்? வசூல் வேண்டாம், எந்தக் காட்சி மனதில் நின்றது என்று மட்டும் சொல்லுங்கள்.