90 செ.மீ. கதவு, 46 செ.மீ. ரோபோ: எங்க ரோபோ லேபுக்குள்ள நுழைஞ்ச கதை

பைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரு ரோபோ பண்ணோம். ஸ்டோர் ரூம்ல இருந்து காம்போனென்ட் ட்ரேய எடுத்துக்கிட்டு காரிடார் வழியா வந்து லேபுக்குள்ள நிக்கணும், அவ்ளோதான் அதுக்கு வேலை. அந்த லேப் கதவ தாண்ட வைக்க ரெண்டரை மாசம் ஆச்சு. மோஷன் ப்ளானிங்ல (ரோபோ இடிக்காம போக வழி போடுறதுல) புதுசா இறங்குற யாருக்காவது அதுல கொஞ்ச நாளாவது மிச்சமாகட்டும்னு முழுசா எழுதுறேன்.

முதல்ல அளவு சொல்லிடுறேன், ஏன்னா கடைசில எல்லாமே அளவுலதான் வந்து நின்னுச்சு. ரோபோ 46 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளம், நடுவுல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மோட்டர் வீல், முன்னாடியும் பின்னாடியும் கேஸ்டர் (எந்த பக்கமும் திரும்புற சின்ன சக்கரம்). தரையில இருந்து 20 செ.மீ. உயரத்துல ஒரு 2டி லைடார் (லேசர் கதிர சுத்தி விட்டு தூரம் அளக்குற சென்சார்), மேல கம்பி வச்சு 90 செ.மீ. உயரத்துல ட்ரே. காரிடார் 2 மீட்டர் அகலம், லேப் கதவு 90 செ.மீ. சாஃப்ட்வேர் ஆர்ஓஎஸ் 2 (ரோபோ ப்ரோக்ராம் எழுதுற ஓப்பன் சோர்ஸ் தளம்), அதுல வழி கண்டுபிடிச்சு ஓட்டுறதுக்கு நேவ் 2. மேப், ரோபோவ ஓட்டிக்கிட்டே வரையுற ஸ்லாம் டூல்பாக்ஸ் வச்சு ஒரே சாயங்காலத்துல எடுத்தாச்சு. ஓடோமெட்ரி (வீல் சுத்துனத வச்சு எவ்ளோ நகந்தோம்னு கணக்கு போடுறது) மட்டும் கொஞ்சம் இழுத்துச்சு, நின்ன இடத்துலயே பத்து சுத்து சுத்த விட்டு எவ்ளோ கோணம் தள்ளி நிக்குதுன்னு பாத்து வீல் இடைவெளிய சரி பண்ணோம். இத பண்ணாம ப்ளானர் (மேப்ல பாதை போடுற பகுதி) பக்கமே போகாதீங்க.

காரிடார்ல நல்லா வந்துச்சு. கதவுகிட்ட வந்ததும் கதவு நிலைய (சட்டத்த) ஒட்டி திரும்பும், பாதி உடம்பு வாசல்ல இருக்கும்போது நின்னுடும், செல்லுபடியாகுற பாதை ஒண்ணும் இல்லன்னு லாக்ல வரும். அப்புறம் மாட்டுனா மீள்றதுக்கான ரெக்கவரின்னு நின்ன இடத்துல சுத்த பாக்கும், சுத்த இடம் இல்லாததால அதுவும் ஃபெயில், கொஞ்சம் பின்னாடி போய் மறுபடியும் அதே வழில வந்து அதே இடத்துல நிக்கும். ஒரு நாள் சாயங்காலம் 4 மணில இருந்து 7 மணி வரைக்கும் இதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அல்காரிதம்தான் பிரச்சனைன்னு முடிவு பண்ணேன், அங்கதான் ஒரு மாசத்துக்கு மேல போச்சு. நேவ் 2ல நேவ்ஃபன் ப்ளானர் டீஃபால்ட்டா டைக்ஸ்ட்ரா முறையில (எல்லா பக்கமும் பரவி) தேடும், அத இலக்கு இருக்குற பக்கமா பாத்து தேடுற ஏ ஸ்டாருக்கு மாத்துனேன். ஏ ஸ்டார் 1968ல ஹார்ட், நில்சன், ரஃபேல் மூணு பேரும் ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்ல ஷேக்கி ரோபோ வேலையில இருந்தப்ப கொண்டு வந்தது. மாத்துனதுல தேடுற நேரம் குறைஞ்சுச்சு, பாதை அப்படியேதான் இருந்துச்சு. யோசிச்சா இருக்கத்தான் செய்யும், ஒரே மேப்ல செலவு (தூரமும், சுவருக்கு எவ்ளோ பக்கம்ங்கிறதும் சேந்த எண்) கம்மியான பாதைய ரெண்டும் தேடுது, விடை எப்படி மாறும்?

அப்புறம் 1998ல லவால் எழுதுன ஆர்ஆர்டி பேப்பர படிச்சுட்டு நானே பைத்தான்ல எழுதுனேன். மேப்ல சும்மா ஒரு புள்ளிய போட்டு, ஏற்கனவே வளந்த மரத்துல பக்கத்து கிளைய அத நோக்கி நீட்டுறது, இப்படியே நீட்டி நீட்டி இலக்க தொடுறது. திறந்த இடத்துல பாக்க அவ்ளோ அழகா இருக்கும். ஆனா கதவு மாதிரி ஒடுக்கமான இடத்துல அந்த சந்துக்குள்ள புள்ளி விழுறதே அபூர்வம், அதனால அந்த பக்கம் போகவே ரொம்ப நேரம் ஆகும், போனாலும் பாதை கோணல் மாணலா இருக்கும். ஆர்ஆர்டி மேல குறை சொல்லல, ஆறு ஏழு ஜாயின்ட் இருக்குற கை ரோபோவுக்கு அதுதான் கை கொடுக்கும், அங்க கட்டம் கட்டமா பிரிச்சு தேட ஆரம்பிச்சா மெமரியே பத்தாது. தரையில ஓடுற வண்டிக்கு கட்டம் போட்டு தேடுறதே போதும்.

திருப்பம் வந்தது எங்க லேப் அண்ணாவால. கதவுகிட்ட ரோபோ நாலாவது தடவ மாட்டுனப்ப அவர் பக்கத்துல நின்னு பாத்துட்டு கேட்டாரு, "தம்பி, பீரோ தூக்கிட்டு வரும்போது வாசல்ல வச்சா திருப்புவீங்க? வெளியவே நேர் பண்ணிட்டுதான உள்ள விடுவோம். இது ஏன் நிலைகிட்ட வந்து திரும்புது?"

அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல பேப்பரும் பேனாவும் எடுத்து கணக்கு போட்டேன்.

ரோபோவ ஒரு புள்ளியா சுருக்கிட்டு அதுக்கு பதிலா சுவர வீங்க வைக்கிறதுதான் இந்த துறையோட அடிப்படை ஐடியா, 1983ல தோமஸ் லோசானோ பெரஸ் எழுதுன பேப்பர்ல தெளிவா இருக்கு. காஸ்ட்மேப்ல (மேப்ல ஒவ்வொரு கட்டத்துக்கும் போற செலவு எழுதுனது) இன்ஃப்ளேஷன்னு நாம வைக்கிறது அதேதான். மேப்ப ஸ்க்ரீன்ல காட்டுற ஆர்விஸ்ல சுவர சுத்தி ஒரு வெளிர் நீல பட்டை தெரியும்ல, ரோபோவோட நடுப்புள்ளி அதுக்குள்ள போனா இடிச்சாச்சுன்னு அர்த்தம், எங்களுக்கு அது 23 செ.மீ., அகலத்துல பாதி. ஆனா ரோபோ செவ்வகம். நடுவுல இருந்து மூலை வரைக்கும் அளந்தா, 23ஐயும் 30ஐயும் ஸ்கொயர் பண்ணி கூட்டி ரூட் எடுத்தா, 37.8 செ.மீ. அதாவது நேரா போக 23 போதும், திரும்பணும்னா 38 வேணும். நேவ்ஃபன் ரோபோவ வட்டமா நினைச்சு நடுப்புள்ளிய மட்டும்தான் பாக்கும், அதுக்கு இந்த 38 தெரியவே தெரியாது.

நான் பண்ணியிருந்த தப்பு என்னன்னா, கதவு சின்னது, இன்ஃப்ளேஷன குறைச்சாதான் நுழையும்னு ரேடியஸ (சுவர்ல இருந்து எவ்ளோ தூரம் வரைக்கும் செலவு இருக்கணும்ங்கிறது) 0.30 மீட்டர்ல வச்சிருந்தேன். நிலைல இருந்து 30 செ.மீ. தாண்டிட்டா செலவு பூஜ்யம், ப்ளானருக்கு எல்லா இடமும் ஒண்ணுதான், அது குறுக்கு வழி பாத்து கரெக்டா 30 செ.மீ. தள்ளி பாதை போட்டுடும். அந்த இடத்துல திரும்புனா 38 செ.மீ. மூலை நிலைய இடிக்காம எப்படி இருக்கும்? பாதைல ரோபோவ ஓட்டுற கன்ட்ரோலர் ஃபுட்பிரின்ட்ட (ரோபோவோட நிஜ செவ்வகத்த) வச்சு செக் பண்ணுறதால இடிக்குறதுக்கு முன்னாடி நின்னுடுச்சு. அது நின்னதுதான் சரி.

சரி பண்ணது நான் நினைச்சதுக்கு நேர் எதிர். ரேடியஸ 1 மீட்டர் ஆக்குனேன், காரிடார்ல பாதி. காஸ்ட் ஸ்கேலிங் ஃபேக்டர 10ல இருந்து 3க்கு இறக்குனேன், இது கம்மியானா செலவு மெதுவா இறங்கும். இப்ப நிலைல இருந்து 30 செ.மீ.ல செலவு 204, கதவு நடுவுல 45 செ.மீ.ல 130. ரெண்டுமே போகக்கூடிய இடம்தான், 253 தொட்டாதான் தடை, ஆனா இந்த வித்தியாசமே பாதைய நடுவுக்கு இழுக்குது. காரிடார்லயும் சுவர விட்டு நடுவுல வந்து, அங்கேயே திரும்பி நேராகிட்டு அப்புறம் கதவுக்குள்ள போகுது. அண்ணா சொன்ன பீரோ மாதிரியே. கதவோட நடுவுல நின்னு திரும்புனாக்கூட 45ல 38 போக 7 செ.மீ. மிச்சம். மறுநாள் காலைல முதல் ஓட்டத்துலயே உள்ள போச்சு, நான் அந்த இடத்துலயே கொஞ்ச நேரம் அசையாம நின்னேன்.

அதோட முடியல. காரிடார்ல யாராவது குறுக்க நடந்து போனா, அவங்க போன பிறகும் அவங்க நின்ன இடத்துல தடை அப்படியே இருக்கும், ரோபோ இல்லாத ஆள சுத்திக்கிட்டு போகும். ரெண்டு நாள் ஆச்சு காரணம் புரிய. நீள காரிடார்ல லைடார் கதிர் எதுலயும் படலன்னா முடிவிலின்னு வரும், காஸ்ட்மேப் அத செல்லாத அளவுன்னு தூக்கி போட்டுடும், கதிர் போன வழில இடம் காலின்னு துடைக்காது. காஸ்ட்மேப்புக்கு சென்சார சேக்குற அப்செர்வேஷன் சோர்ஸ்ல இன்ஃப் இஸ் வேலிட்னு ஒரு செட்டிங் இருக்கு, டீஃபால்ட்டா ஆஃப். அத ஆன் பண்ணதும் தீந்துச்சு.

மேஜை இன்னொரு கதை. 20 செ.மீ. உயரத்துல லைடாருக்கு மேஜைன்னா நாலு காலுதான், நடுவுல தாராளமா இடம். ரோபோ தைரியமா காலுக்கு நடுவுல போச்சு, ட்ரே கம்பி மேஜை விளிம்புல மோதி ரெசிஸ்டர் டப்பா எல்லாம் கொட்டுச்சு. டெப்த் கேமரா ஒண்ணு மாட்டி வாக்ஸல் லேயர் (தடைய உயரத்தோட சேத்து அடுக்கடுக்கா குறிக்கிறது) போட்டோம், அது 5 செ.மீ. அடுக்கா 16 அடுக்கு, மொத்தம் 80 செ.மீ. உயரம், எங்க மேஜை 75, அதனால சிக்குது. மாடிப்படி பக்கம் இருக்குற கண்ணாடி தடுப்புக்கு எந்த சென்சாரையும் நம்பல, லைடார் கதிர் அதுல ஊடுருவி போயிடுது, அந்த இடத்த மேப்ல நுழையக்கூடாத பகுதின்னு கையால வரைஞ்சு கீப்அவுட் ஃபில்டரா கொடுத்துட்டோம்.

இப்ப மேல் மாடி லேபுக்கும் இதே ரோபோவ அனுப்ப கேக்குறாங்க. போய் டேப் வச்சு அளந்தேன், கதவு 75 செ.மீ. பாதி 37.5, எங்க மூலை 37.8. நடுவுல சரியா நின்னாக்கூட திரும்ப முடியாது, 3 மி.மீ. பத்தல. இங்க இன்ஃப்ளேஷன் மட்டும் வச்சு சமாளிக்க முடியாது, முழு ஃபுட்பிரின்ட்டையும் கோணத்தோட சேத்து பாக்குற ஸ்மாக் லாட்டிஸ் ப்ளானருக்கு மாறுறோம். சிமுலேஷன்ல நேத்து ராத்திரி வெளியவே நேராகி உள்ள போச்சு, நிஜ கதவுல திங்கக்கிழம ஓட்டுறோம், அண்ணாவையும் வர சொல்லியிருக்கேன்.